அறுபத்தோராவது துப்பாக்கி

எங்கள் பள்ளத்தாக்கில் ஜுதித்தா கொந்த்ரீனியைப் போல் துப்பாக்கிக்குப் பயந்தவர் யாருமில்லை. துப்பாக்கி செய்து பிழைக்கிற ஊரில் பிறந்து, துப்பாக்கிக்கு முத்திரை குத்தியே முப்பத்து மூன்று வருடம் சம்பளம் வாங்கியவள் அவள். யார் வீட்டுக்குப் போனாலும், சுவரில் தொங்குகிற துப்பாக்கியின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் நாற்காலியில் உட்காருவாள். எங்கள் வீட்டில் ஒருநாள் நாற்காலியையே இழுத்து வேறு பக்கம் போட்டுக்கொண்டாள். என் கணவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை.

காரணம் இருந்தது. அவளுக்குப் பதினைந்து வயதில், அவள் சித்தப்பா மகன் அடுப்புக்கு மேலே தொங்கிய பூட்டனின் துப்பாக்கியை எடுத்து விளையாட்டாக விசையை இழுத்துவிட்டான். எழுபது வருடமாக அது அங்கேதான் தொங்கியது. காலி என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். உள்ளே மருந்தும் ரவையும் அப்படியே இருந்தன. சாகும்போது அவனுக்குப் பதினேழு வயது.

சோதனைச் சாலையில் நானும் அவளும் ஒரே மேசையில் பதினொரு வருடம் வேலை பார்த்தோம். எந்தப் பட்டறையில் செய்த துப்பாக்கியும் எங்களிடம் வந்தாக வேண்டும். வழக்கத்தைவிடப் பலமான தோட்டாவைப் போட்டுச் சுட்டுப் பார்ப்பார்கள். குழல் வெடிக்காவிட்டால் எங்கள் மேசைக்கு வரும். நாங்கள் அந்த வருடத்துக்குரிய எழுத்தைச் சுத்தியலால் குத்துவோம். அவளுடைய தம்பி பொர்த்தோலோ சுடும் அறையில் இருந்தான். முப்பது வயதுக்குள் அவனுக்கு இரண்டு காதும் போய்விட்டன. அக்கா, தம்பி இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஆற்றங்கரையில் சின்ன வீடு. வாசற்கதவைப் பூட்டிவிட்டு மூன்று தடவை இழுத்துப் பார்ப்பாள். "தம்பிக்குக் காது கேக்காது. ரெண்டு பேருக்கும் சேத்து நான்தான் கேக்கணும்" என்பாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதில் மணிக்கட்டு வலி தாங்காமல் வேலையை விட்டாள். அதன் பிறகுதான் ஆட்கள் அவளைத் தேடி வர ஆரம்பித்தார்கள். ஒரு வீட்டில் பெரியவர் இறந்துவிட்டால், பரணிலும் சுவரிலும் இருக்கிற துப்பாக்கிகளுக்கெல்லாம் பட்டியல் எழுதிப் போலீசில் கொடுக்க வேண்டும். எது என்ன, எந்த ஊரில் செய்தது, என்ன பெறும் என்று வீட்டுக்காரர்களுக்குத் தெரியாது. அவள் குழலின் அடியைத் திருப்பிப் பார்த்துச் சொல்லிவிடுவாள். அந்த வருடங்களில் பட்டியல் தவறாக இருந்தால் போலீஸ் சும்மா விடாது. காலையில் பத்திரிகையைப் பிரித்தால், புரட்சி என்று துப்பாக்கி தூக்கிய பையன்கள் யாரோ ஒரு நீதிபதியை, யாரோ ஒரு தொழிற்சாலை மேலாளரைத் தெருவில் சுட்டுப் போட்ட படம் இருக்கும். மகன் மிலானில் படிக்கிறான் என்று சொல்லவே தாய்மார்கள் யோசித்த காலம்.

எண்பத்தொன்று நவம்பரில் வால்செக்காவிலிருந்து அவளுக்கு அழைப்பு வந்தது. அந்த ஊர் மாட்டு வைத்தியர் அமேதெயோ ப்ரெகோலி இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அவர் மனைவி க்ளேலியா நாற்பது வருடம் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர். ஊரே அவரை டீச்சர் என்றுதான் சொல்லும். "அறுபது துப்பாக்கி இருக்கு. ஒரே நாள்ல முடியுமா? வியாழக்கிழமை வாங்க, அன்னைக்குத்தான் இங்க பேருந்து வரும்" என்று தொலைபேசியில் சொன்னார்.

இனி நடந்ததை ஜுதித்தா என்னிடம் சொன்னபடியே சொல்கிறேன். பல தடவை சொன்னாள். ஒரு தடவையும் மாற்றிச் சொல்லவில்லை.

காலைப் பேருந்தில் போய் இறங்கினாள். மலை முழுக்க மூடுபனி. வீடு ஊருக்கு வெளியே, கஷ்கொட்டைத் தோப்பைத் தாண்டி இருந்தது. டீச்சர் சின்ன உருவம், வெள்ளை முடி, கறுப்பு உடை. கூடத்து மேசையிலும் தரையில் விரித்த போர்வையிலும் துப்பாக்கிகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்.

ஜுதித்தா விலையைப் பற்றி முதலில் யோசிப்பதே இல்லை. அவளிடம் ஒரு மெல்லிய மரக்குச்சி உண்டு. வாய் வழியாக மருந்து கெட்டிக்கிற பழைய துப்பாக்கி ஒவ்வொன்றிலும் அதை உள்ளே விட்டு, வாயருகே விரலால் பிடித்துக்கொள்வாள். வெளியே எடுத்துக் குழலோடு வைத்து அளப்பாள். குச்சி அடிவரை போயிருந்தால் காலி. நாலு விரல் குறைந்தால் உள்ளே ஏதோ இருக்கிறது. அன்றைக்குப் பதினெட்டைக் காலி என்று ஒதுக்கி வைத்தாள். பத்தொன்பதாவது, கட்டையில் வெள்ளி பதித்த நீளத் துப்பாக்கி, குச்சியை அடியிலிருந்து ஐந்து விரலுக்கு மேலேயே நிறுத்திவிட்டது.

குழலின் வாயைக் கல்சுவர் பக்கம் திருப்பி, ஜன்னல் விளிம்பில் மெல்ல வைத்தாள்.

"டீச்சர், இது எங்க மாட்டியிருந்தது?"

"என் கட்டில் தலைமாட்டுல. முப்பது வருஷமா."

"இது மருந்து கெட்டிச்சபடியே இருக்கு. யாரும் தொட வேண்டாம்."

டீச்சர் அதைப் பார்த்தார். "இவ்வளவு நாள் என்னைக் கொல்லாம விட்டுச்சே, பெரிய மனசுதான்" என்று சொல்லிவிட்டு அடுப்பில் விறகு போடப் போனார்.

மத்தியானத்துக்குள் நாற்பத்து மூன்று முடிந்தது. முன்னூறு வருடத்துக்கு முன்பு துப்பாக்கிக் குழல் செய்வதில் பேர்போன ஒருவரின் பெயர் பொறித்த துப்பாக்கி ஒன்று இருந்தது. வைத்தியர் அதற்கு ஒரு வயலை விற்றுப் பணம் கொடுத்திருந்தார். ஜுதித்தா பெயரில் எழுத்துப் பிழையைக் காட்டினாள். "தன் பேரையே தப்பா எழுதுவாரா? இது அவர் செத்து நூறு வருஷம் கழிச்சு யாரோ செஞ்சது. நாலு லட்சம் லீரா பெறும், அவ்வளவுதான்." பழைய ராணுவ ரைபிள்கள் ஏழு, தலைக்கு எண்பதாயிரம். பக்கவாட்டில் ஊசி நீட்டியிருக்கும் பழைய ரகத் தோட்டா போடுகிற ரிவால்வர்கள் ஐந்து. அதில் இரண்டு எங்கள் பள்ளத்தாக்கிலேயே செய்தவை, மூன்று பெல்ஜியத்தில் செய்தவை. மூலையில் கிடந்த, யாரும் சட்டை செய்யாத துருப்பிடித்த கைத்துப்பாக்கி ஒன்றுதான் எல்லாவற்றிலும் விலை கூடியது. அதன் பூட்டில் இருந்த சித்திரவேலையைத் துணியால் துடைத்தபோது அவளுக்குப் பயம்கூடக் கொஞ்சநேரம் மறந்துவிட்டதாம்.

கடைசியில் ஒரு மரப்பெட்டி. சிவப்பு வெல்வெட்டில் ஜோடிக் கைத்துப்பாக்கிகள். மூடியில் பாரீஸ் என்று போட்டிருந்தது. குழலில் இருந்த முட்டை வடிவ முத்திரை அவை பெல்ஜியம் என்று சொன்னது. டீச்சர் காப்பி போட அடுக்களைக்குப் போயிருந்தார். பெட்டி இருக்கவேண்டியதைவிடக் கனமாக இருந்ததால் ஜுதித்தா வெல்வெட் தட்டைத் தூக்கிப் பார்த்தாள்.

கீழே, எண்ணெய்த் துணியில் சுற்றி, ஒரு புதிய பிஸ்டல் இருந்தது.

போலீஸ்காரர் இடுப்பில் வைத்திருக்கிற ரகம். எண் இருக்கவேண்டிய இடத்தை அரத்தால் தேய்த்து எடுத்திருந்தார்கள். ஆனால் தேய்த்தவர்களுக்கு எண் மட்டும்தான் தெரிந்திருக்கிறது. சற்றுத் தள்ளி, பொடி எழுத்தில், எங்கள் வருட முத்திரை அப்படியே இருந்தது: ஏ, டி. அதாவது எழுபத்தெட்டு. அந்த டி எழுத்தின் வயிறு ஒரு பக்கம் உடைந்திருந்தது.

எனக்கும் அந்த உடைந்த டி தெரியும். எழுபத்தெட்டு மே மாதம் அவளுடைய அச்சுக்கோலின் முனை பெயர்ந்துவிட்டது. புதுக்கோல் வர நாலு நாள் ஆனது. அந்த நாலு நாளும் அவள் அந்த உடைந்த எழுத்தையே குத்தினாள். அந்த நாலு நாள் சரக்கில் ஒரு பெட்டி லாரியோடு காணாமல் போனது; போலீஸ் வந்து எங்களையெல்லாம் விசாரித்தது. ஆக, அந்த பிஸ்டலுக்கு முத்திரை குத்தியது அவளுடைய கைதான்.

துணியைச் சுற்றினாள். தட்டை வைத்தாள். மூடியைச் சாத்தினாள். டீச்சர் காப்பித் தட்டோடு வந்தார்.

"பெட்டியைப் பாத்தாச்சா?"

"பாத்துட்டேன். ஜோடி மூணு லட்சம்."

"கீழ்த்தட்டு?"

"கீழ்த்தட்டுன்னு ஒண்ணு இருக்கா? நான் பாக்கல."

டீச்சர் காப்பியை மேசையில் வைத்தார். கூடத்துக் கதவுக்குப் போய்ச் சாவியைத் திருப்பினார். திரும்பி வந்து எதிரே உட்கார்ந்தார்.

"ஜுதித்தா, நாற்பது வருஷம் பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்தினவ நான். பொய் சொல்றப்போ பிள்ளைங்க கழுத்து எப்படிச் சிவக்கும்னு எனக்குத் தெரியும்."

ஜுதித்தா கடிகாரத்தைப் பார்த்தாள். நாலரைக்குத்தான் கடைசிப் பேருந்து. மணி மூன்றைத் தாண்டியிருந்தது.

"என்னை விட்டுடுங்க டீச்சர். நான் அறுபதுன்னு எழுதிட்டுப் போயிடறேன். எனக்குக் காது கேக்காத தம்பி இருக்கான்."

"உங்களை நான் என்ன செய்யப்போறேன்?" என்றார் டீச்சர். "உங்க கண்ணுல படணும்னுதான் அதை அங்கயே விட்டு வச்சேன். வேற யார்கிட்டயும் என்னால கேக்க முடியாது. அது என் பையனோடது. எத்தோரே. எழுபத்தேழுல தலைமறைவாப் போனான். இப்போ ஆறு மாசமா வியாழக்கிழமை இருட்டினதும் வரான். துணி துவைக்கப் போடறான், சாப்பிடறான், போயிடறான். போன வாரம் இதைப் பெட்டியில வச்சுட்டுப் போனான். நாலு பழசுக்குள்ள யாருக்குத் தெரியப்போகுதுன்னு சொன்னான்."

"நான் என்ன செய்யணும்?"

"பழைய துப்பாக்கியெல்லாம் பாத்து அதோட கதையைச் சொல்றீங்கல்ல. இதையும் பாத்துச் சொல்லுங்க. இது சுட்டிருக்கா?"

அந்தக் கேள்வியைக் கேட்ட முகத்தைத்தான் தன்னால் மறக்க முடியவில்லை என்று ஜுதித்தா சொல்வாள். அடி வாங்கப் போகிற பிள்ளை முகம்.

பெட்டியைத் திறந்தாள். தோட்டாக் கூடு அதில் இல்லை. அவன் எடுத்துப் போயிருந்தான். ஆனாலும் மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்து உள்ளே விரலை விட்டு மூன்று தடவை பார்த்தாள். பிறகு பிரித்தாள். மேல்பகுதி, சுருள்கம்பி, குழல் என்று துணிமேல் பரப்பினாள். குழலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். தோட்டா உட்காருகிற இடத்தின் தேய்மானத்தை நகத்தால் தடவினாள்.

"நாங்க ரெண்டு தடவை சுட்டுப் பாப்போம். தொழிற்சாலையில கொஞ்சம் சுடுவாங்க. இது அதைவிட நிறையச் சுட்டிருக்கு, டீச்சர். இருநூறு, முன்னூறு இருக்கலாம்."

"எதை?"

"அதை இரும்பு சொல்லாது. மரமா இருக்கலாம், சுவரா இருக்கலாம். பழகறவங்க அவ்வளவு சுடுவாங்க."

"மனுஷனாவும் இருக்கலாம்."

ஜுதித்தா குழலைத் துணிமேல் வைத்தாள். அடுப்பில் விறகு வெடித்தது. அதற்கே அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

டீச்சர் குரலைத் தாழ்த்தினார். "இது இனிமே சுடாம பண்ண முடியுமா? அவனுக்குத் தெரியாம?"

முடியும். தோட்டாவின் பின்புறத்தைக் குத்துகிற ஊசியின் முனையை ஒரு மயிரிழை குட்டையாக்கினால் போதும். பார்வைக்கு எல்லாம் சரியாக இருக்கும். விசையை இழுத்தால் டிக்கென்ற சத்தம்கூட வரும். ஊசி தோட்டாவைத் தொடாது. ஜுதித்தாவின் பையில் சின்ன அரம் இருந்தது.

ஆனால் அவள் சொன்னாள்: "டீச்சர், அவன் யார் முன்னாடியாவது இதை நீட்டினா, எதிர்ல இருக்கறவன் கையிலயும் துப்பாக்கி இருக்கும். அது சுடும். யோசிச்சுப் பாத்தீங்களா?"

"நாலு வருஷமா வேற எதை யோசிச்சேன்?" என்றார் டீச்சர். "என் பையன் செத்தா நான் அழுவேன். அவன் கொன்னா, யாரோ ஒருத்தி வாழ்நாளெல்லாம் அழுவா. நான் அவ வீட்டு வழியா எப்படிப் போவேன்? தேய்ங்க."

ஜுதித்தா ஊசியைக் கழற்றினாள். அரத்தை வைத்தபோது முதல் இழுப்பு விரலைக் கிழித்தது. முத்திரை குத்திய கை அது. முப்பத்து மூன்று வருடம் ஒவ்வொரு துப்பாக்கியையும் நன்றாகச் சுடும் என்று சாட்சி சொன்ன கை. எட்டு இழுப்பு, பத்து இழுப்பு. நல்ல எஃகு, சுலபமாகத் தேயவில்லை. வெளியே தோட்டத்துப் பக்கம் சரளைக்கல் நொறுங்குகிற சத்தம் கேட்டது.

"இன்னும் இருட்டலையே" என்றார் டீச்சர்.

கடைசியாக நாலு இழுப்பு. ஊசியை உள்ளே தள்ளி, சுருள்கம்பியை, குழலை, மேல்பகுதியை மாட்டினாள். கண்ணை மூடிக்கொண்டுகூட அதைச் செய்வாள். அன்றைக்குக் கிட்டத்தட்ட அப்படித்தான் செய்தாள். டீச்சர் துணியைச் சுற்றினார், தட்டை வைத்தார், மேசையில் கிடந்த இரும்புத் தூளை உள்ளங்கையால் துடைத்துத் தன் கறுப்பு உடையில் தேய்த்துக்கொண்டார். அடுக்களையின் வெளிக்கதவு திறந்தது. டீச்சர் ஓடிப்போய்க் கூடத்துக் கதவின் பூட்டைத் திறந்துவிட்டார்.

எத்தோரே உள்ளே வந்தான். முப்பத்தொரு வயது. மழைக்கோட்டு, மூக்குக்கண்ணாடி. வங்கியில் வேலை பார்க்கிறவன் மாதிரி இருந்தான். அதுதான் அவளை இன்னும் பயமுறுத்தியது.

"யாரும்மா இது?"

"அப்பாவோட துப்பாக்கிக்கெல்லாம் விலை போட வந்தவங்க. போலீஸ் பட்டியல் கேக்குது."

அவன் மேசையருகே வந்து அவள் எழுதிய தாளை எடுத்துப் பார்த்தான். விரலால் எண்ணினான். "அறுபது" என்றான். "சரி." பெட்டியைத் திறந்து, தட்டைத் தூக்கி, பிஸ்டலை எடுத்துத் துணியைப் பிரித்தான். அவளை விட்டுக் கண்ணை எடுக்காமல் தோட்டாக் கூட்டைப் பையிலிருந்து எடுத்துச் செருகினான்.

"இதுக்கு என்ன விலை போடுவீங்க?"

"நான் பழசுக்கு மட்டும்தான் விலை போடறது."

அவன் சிரித்தான். "நல்ல பதில். விரல்ல என்ன ரத்தம்?"

"பழைய இரும்பு. கிழிச்சிடுச்சு."

"வீடு எங்க?"

"கீழ, ஆத்தங்கரையில."

"தனியாவா?"

"தம்பி இருக்கான். அவனுக்குக் காது கேக்காது." சொன்ன பிறகுதான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று தோன்றியது அவளுக்கு.

"அது வசதிதான்" என்றான் எத்தோரே. "பேருந்துக்கு நேரமாச்சு. வாங்க, தோப்பு வரைக்கும் நான் கூட வரேன்."

ஜுதித்தா தன் பையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். அப்போது டீச்சர் ஆணியிலிருந்து கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, "நானும் வரேன். காத்து வாங்கி ரெண்டு நாளாச்சு" என்றார்.

"குளிருதும்மா."

"குளிரட்டும்."

மூன்று பேரும் மூடுபனியில் நடந்தார்கள். டீச்சர் ஜுதித்தாவின் கையை இறுகப் பிடித்திருந்தார். அவன் இரண்டடி பின்னால் வந்தான். காலடியில் கஷ்கொட்டை முள்ளோடு நசுங்குகிற ஒவ்வொரு சத்தத்துக்கும் அவள் முதுகு கூசியது. அந்தத் துப்பாக்கி சுடாது என்று உலகத்தில் அவளுக்குத்தான் நிச்சயமாகத் தெரியும். அப்படியிருந்தும் முதுகு அதை நம்பவில்லை. இன்னொன்று வைத்திருந்தால்? கத்தி வைத்திருந்தால்?

நிறுத்தத்தில் அவன் தள்ளிப்போய் சிகரெட் பற்ற வைத்தான். டீச்சர் அவள் கழுத்துத் துண்டைச் சரிசெய்வது போல் குனிந்து சொன்னார்: "நீங்க செய்ய வேண்டியதைச் செய்ங்க. நான் ஒரு வார்த்தை கேக்க மாட்டேன்."

அன்றிரவு அவள் தூங்கவில்லை. காலையில் ஆறு மணிக்கு என் கதவைத் தட்டினாள். முழுவதையும் நின்றுகொண்டே சொன்னாள். "பியெரா, போலீசுக்குப் போனா அவன் கூட்டாளிங்க என்னைக் கொல்லுவாங்க. போகலைன்னா நான் பொய்ப் பட்டியல்ல கையெழுத்துப் போட்டவளாயிடுவேன்" என்றாள்.

"கையெழுத்துப் போட்டுட்டியா?"

"இன்னும் இல்ல."

"அப்போ வா, போலாம்" என்றேன். சொன்னேனே தவிர, காவல் நிலைய வாசல்வரை போய் இரண்டு தடவை திரும்பி வந்தோம். மூன்றாவது தடவை அவள்தான் முதலில் படியேறினாள்.

அப்போது அங்கே அதிகாரியாக இருந்தவர் ஸ்காலஸ், தெற்கே ஒரு தீவிலிருந்து மாற்றலாகி வந்தவர், அதிகம் பேசாதவர். அவள் சொன்னாள்: "காலையில அறுபத்தொண்ணு இருந்தது. சாயங்காலம் அறுபது." எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், "இதை வேற யார்கிட்ட சொன்னீங்க?" என்று கேட்டார். அவள் என்னைக் காட்டினாள். "இதோட நிறுத்திக்கங்க" என்றார்.

"அந்தத் துப்பாக்கி சுடாது. அதனால அவனைச் சுட்டுடாதீங்க" என்றாள் அவள்.

"அவன்கிட்ட அது ஒண்ணுதான் இருக்குன்னு உங்களுக்கு யாரு சொன்னா?" என்று கேட்டார் ஸ்காலஸ். பிறகு பேனாவை மூடிக்கொண்டு, "பாக்கறேன்" என்றார்.

அடுத்த வியாழக்கிழமை வரை ஆறு நாள். அந்த ஆறு நாளும் அவள் வாசற்கதவுக்கு முட்டாகப் பாத்திர அலமாரியை நகர்த்தி வைத்தாள். பொர்த்தோலோவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. அவன் தினமும் அலமாரியைத் திரும்ப நகர்த்தி, "உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கு" என்று கத்துவான். காது கேட்காதவர்கள் கத்தித்தானே பேசுவார்கள். "மெதுவா பேசு, மெதுவா பேசு" என்று இவள் அழுவாள்.

வியாழக்கிழமை தோப்பின் வளைவில் நாலு பேர் காத்திருந்தார்கள். எத்தோரே தப்பி ஓடப் பார்த்து, முன்னால் வந்த ஒரு பையனின் மார்புக்கு நேரே பிஸ்டலை நீட்டி விசையை இழுத்தான். இரண்டு தடவை. இரண்டு தடவையும் வெறும் சத்தம்தான். அந்தப் பையனுக்கு இருபத்திரண்டு வயது, பணியில் சேர்ந்து எட்டு மாதம். ஸ்காலஸ் பின்னாலிருந்து பாய்ந்து எத்தோரேயைக் கீழே தள்ளினார். யாரும் சாகவில்லை.

வழக்கில் ஊசியின் முனை தேய்க்கப்பட்டிருந்தது என்று நிபுணர் சொன்னார். யார் தேய்த்தது என்று கேட்டபோது டீச்சர் எழுந்து, "நான்தான்" என்றார். மகனின் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அவனுக்குப் பதினாலு வருடம். அவர் மாதம் இரண்டு தடவை ரயிலேறிப் போய், அவன் பார்க்க மறுத்த நாட்களிலும், சிறை வாசலில் உட்கார்ந்துவிட்டு வந்தார். தொண்ணூறில் இறந்தார். ஜுதித்தாவின் பெயர் எந்தத் தாளிலும் வரவில்லை.

ஆனால் அவனுக்குத் தெரியாதா? அன்றைக்கு வீட்டில் இருந்தது யார், விரலில் ரத்தத்தோடு உட்கார்ந்திருந்தது யார் என்று? அந்த ஒரு நினைப்பு பன்னிரண்டு வருடம் அவளைத் தின்றது. தொலைபேசி மணி அடித்து யாரும் பேசாமல் வைத்தால் இரண்டு நாள் சாப்பிட மாட்டாள். விலை போடப் போவதை மட்டும் அவள் விடவில்லை. "அங்க போனா என்ன செய்யணும்னு தெரியும். வீட்டுல உக்காந்தாதான் தெரியல" என்பாள்.

தொண்ணூற்று மூன்று வசந்தத்தில், மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கதவைத் தட்டினார்கள். மூன்று தட்டு. அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அசையாமல் இருந்தாள். மறுபடி மூன்று. போய்விடுவார்கள் என்று நினைத்தாள். பொர்த்தோலோவுக்குத் தட்டிய சத்தம் கேட்கவில்லை. ஆனால் ஜன்னலில் நிழல் தெரிந்தது. அவள் கையைப் பிடிப்பதற்குள் எழுந்துபோய் விரியத் திறந்துவிட்டான்.

நரைத்த தலை. அதே மூக்குக்கண்ணாடி. தண்டனைக்காலம் முடியும் முன்பே அவனை விட்டிருந்தார்கள்.

"யாரு, தெரியலையே? வாங்க, பொலெந்தாக் களி சூடா இருக்கு, உக்காருங்க" என்று பொர்த்தோலோ கத்தினான்.

எத்தோரே உட்காரவில்லை. வாசலிலேயே நின்றான். ஜுதித்தா மேசையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும்" என்றான். "அம்மா கடைசிவரைக்கும் தான்தான் செஞ்சேன்னு சொன்னாங்க. அவங்களுக்கு ஒரு திருகாணி கழட்டத் தெரியாது. நீங்களா?"

இல்லை என்று சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தாளாம். வாய் திறந்தபோது வேறு வந்தது. "தேய்ச்சது என் கை. தேய்க்கச் சொன்னது உங்க அம்மா. நீங்க செத்துப்போவீங்கன்னு நான் சொன்னேன். அதுக்கப்புறமும் தேய்க்கச் சொன்னாங்க."

பொர்த்தோலோ இருவர் வாயையும் மாறி மாறிப் பார்த்தான்.

"அந்தப் பையன் முகம் எனக்கு இன்னும் தெரியுது" என்றான் எத்தோரே. "கண்ணை மூடிக்கிட்டு நின்னான். ரெண்டாவது தடவையும் நான் இழுத்தேன். ஒரு தடவைன்னா பயத்துல இழுத்தேன்னு சொல்லிக்கலாம்." பிறகு, "கதவைத் தட்டினப்போ நீங்க உள்ளதான் இருந்தீங்கல்ல?" என்றான்.

"இருந்தேன்."

"பயமா?"

"ஆமா. இப்பவும்."

அவன் தலையசைத்தான். "இனிமே வர மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போனான். வாக்குத் தவறவில்லை. பிரெஷாவில் ஒரு அச்சகத்தில் வேலை பார்ப்பதாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

அன்று மாலை அவள் என் வீட்டுக்கு வந்தாள். நடந்ததைச் சொன்னாள். "இனிமே நிம்மதியா இரு" என்றேன். "இருக்கணும்" என்றாள். அப்படி ஒன்றும் இருக்கவில்லை. பயம் அவளுக்கு உடம்போடு வந்தது. இரண்டாயிரத்து ஆறில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தபோதும், கதவு எந்தப் பக்கம் என்று கேட்டு, தலையணையை மாற்றிப் போடச் சொன்னாள். மாற்றிப் போட்டேன். கதவுப் பக்கம் முகத்தைத் திருப்பிப் படுத்துத் தூங்கினாள்.